நவம்பர் 11: தள்ளிப்போடாதவர்களின் நாள்

(தேசிய கல்வி நாளையொட்டி நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கிறோம். தொழுகை நேரத்தைப் பார்க்கிறோம், பிறையைப் பார்க்கிறோம். அதே தாளின் ஓரத்தில் அந்த நாளில் என்ன நடந்தது, யார் பிறந்தார் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. இன்று நாம் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

நவம்பர் 11 அன்று உலகில் நடந்தவை பல. 1918-ல் முதல் உலகப் போர் இந்த நாளில்தான் ஓய்ந்தது. போலந்து நாட்டு மக்கள் இதைத் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1975-ல் ஆப்பிரிக்காவின் அங்கோலா, போர்ச்சுகல் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றதும் இந்த நாளில்தான். 2004-ல் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரஃபாத் பாரிஸ் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் காலமானதும் இதே நாளில். எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது. ஒரு போரின் முடிவையும் இரண்டு குழந்தைகளின் பிறப்பையும் மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் போர். 1914 முதல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் திரும்பவே இல்லை. அவர்களில் முஸ்லிம்களும் ஏராளம். சென்னைக் கடற்கரைச் சாலையில், கோட்டைக்கு அருகே உள்ள போர் நினைவுச் சின்னத்தை நம்மில் பலர் பேருந்தில் போகும்போது பார்த்திருப்போம். அது முதலில் இந்தப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டதுதான்.

பிரான்சில், காட்டுக்குள் நிறுத்தியிருந்த ஒரு ரயில் பெட்டியில், அதிகாலை சுமார் ஐந்து மணிக்குப் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அது பகல் 11 மணிக்குத்தான் நடைமுறைக்கு வரும் என்று எழுதினார்கள். இடையில் ஆறு மணி நேரம். முடிவு எடுத்தாகிவிட்டது, இருந்தும் பீரங்கிகள் ஓயவில்லை. அந்த ஒரு நாளில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்க வீரர் 10 மணி 59 நிமிடத்துக்குச் சுடப்பட்டு இறந்தார். ஒரே ஒரு நிமிடம்தான் பாக்கி இருந்தது.

நல்ல முடிவை எடுத்த பிறகும் அதைத் தள்ளிப்போட்டால் அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

அடுத்து, இரண்டு குழந்தைகள். இருவரும் பிறந்தது 1888 நவம்பர் 11. நாள் மட்டுமல்ல, ஆண்டும் ஒன்றே. ஒரு குழந்தை புனித மக்காவில் பிறந்தது. இன்னொன்று சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தில் பிறந்தது. மக்காவில் பிறந்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். சிந்துவில் பிறந்தவர் ஆச்சார்யா ஜே.பி. கிருபளானி. ஒருவர் மார்க்க அறிஞரின் மகன். மற்றவர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரிப் பேராசிரியராகி, பின்னர் குஜராத் வித்யாபீடத்தின் முதல்வராக இருந்தவர். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியபோது காங்கிரஸ் தலைவர் ஆசாத், பொதுச் செயலாளர் கிருபளானி. இருவரையும் கைது செய்து அகமத்நகர் கோட்டையில் அடைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 11 அன்று இருவரும் 54 வயதை நிறைவு செய்தது அந்தக் கோட்டைச் சுவர்களுக்குள்தான்.

பிறந்த நாள் விழா எடுப்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. ஒரு நாளில் பிறந்துவிடுவதால் மட்டும் யாரும் உயர்ந்துவிடுவதில்லை. அந்த நாளில் உலகெங்கும் எத்தனையோ குழந்தைகள் பிறந்திருக்கும். கிடைத்த காலத்தை இவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஆசாத் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்ந்து படித்தவர் அல்ல. சிறு வயதிலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. தந்தையும் வீட்டுக்கு வந்த ஆசிரியர்களும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இருபது வயதுக்கு மேல் முடிக்கும் பாடத்திட்டத்தைப் பதினாறு வயதில் முடித்து, தாமே சில மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் கிடையாது. சர் சையது அகமது கானின் எழுத்துகளைப் படித்த பிறகு, புதிய அறிவியலும் தத்துவமும் தெரியாமல் கல்வி முழுமை பெறாது என்று உணர்ந்தார். எழுத்துகளை மட்டும் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்து, செய்தித்தாள்களைப் படித்துப் படித்தே ஆங்கிலம் பழகினார்.

1912-ல் 'அல்ஹிலால்' என்ற உருது வார இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 23 வயது. போர் வந்ததும் அரசாங்கத்தின் கெடுபிடியால் அது நின்றது. 1916-ல் அவரை வங்காளத்தை விட்டு வெளியேற்றி, ராஞ்சியில் காவலில் வைத்தார்கள். 1918 நவம்பர் 11 அன்று உலகமே போர் முடிந்த மகிழ்ச்சியில் இருந்தபோது, முப்பது வயது நிறைந்த ஆசாத் ராஞ்சியில் காவலில்தான் இருந்தார். ஆனால் அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. அந்த ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே ஒரு மதரஸாவை உருவாக்கினார். விடுதலையான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போடவில்லை.

அகமத்நகர் கோட்டையிலும் அப்படித்தான். அங்கிருந்தபோது அனுப்ப முடியாத கடிதங்களாக எழுதியவைதான் பின்னர் 'குபாரே காதிர்' என்ற நூலாக வந்தன. அந்தச் சிறைக்காலத்தில்தான், 1943 ஏப்ரலில், அவருடைய மனைவி சுலைகா பேகம் கல்கத்தாவில் காலமானார். அவர் நோயுற்றிருந்த செய்தி தெரிந்தும், பார்க்கப் போவதற்காக அரசாங்கத்திடம் சலுகை கேட்க ஆசாத் மறுத்துவிட்டார். கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அல்லாஹ் அவ்விருவரின் மண்ணறையையும் ஒளிமயமாக்குவானாக.

நாடு விடுதலை பெற்றதும் அவர் முதல் கல்வி அமைச்சரானார். 1958 பிப்ரவரி 22-ல் மரணிக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவர், கோடிக்கணக்கான பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசித்தார். 1951-ல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி.யை கரக்பூரில் திறந்து வைத்தார். அது தொடங்கிய கட்டடம், வெள்ளையர் காலத்தில் விடுதலை வீரர்களை அடைத்து வைத்த ஹிஜ்லி முகாம்! சிறையாக இருந்த இடம் கல்விக்கூடமானது. பல்கலைக்கழக மானியக் குழு 1953-ல் அவர் காலத்தில்தான் செயல்படத் தொடங்கியது. உயர்நிலைக் கல்வியை ஆராய 1952-ல் அமைந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 2008 முதல் ஆசாத் பிறந்த நாளை இந்திய அரசு தேசிய கல்வி நாளாக அறிவித்துக் கடைப்பிடித்து வருகிறது.

கரக்பூரில் ஐ.ஐ.டி. திறந்த அதே 1951-ல் நம் முன்னோர் என்ன செய்தார்கள் தெரியுமா? சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் அந்த ஆண்டில்தான் தொடங்கின. அதற்கும் முன்பே, 1919-ல், வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி வந்துவிட்டது. 1955-ல் நீதிபதி பஷீர் அகமது சயீத் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி எழுந்தது. வசதியான காலம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பிரிவினையின் காயம் ஆறாத நேரத்தில், இந்தச் சமுதாயத்தின் எதிர்காலம் என்னவாகும் என்ற கவலை சூழ்ந்த நேரத்தில் கட்டினார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளுக்கு நம் அறக்கட்டளை சார்பில் போகும்போது மூன்று பதில்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

முதல் பதில்: "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும்." கிருபளானியின் மனைவி சுசேதா கிருபளானி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1963-ல் உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சரானார். இந்தியாவிலேயே முதல் பெண் முதலமைச்சர் அவர்தான். நம் பெண்கள் எல்லோரும் முதலமைச்சராக வேண்டும் என்று சொல்லவில்லை. நாளை கணவருக்கு உடல்நலம் இல்லாமல் போனாலும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் துணிவும் தொழிலும் அவள் கையில் இருக்க வேண்டாமா?

இரண்டாவது பதில்: "கையில் காசு இல்லை." உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உரியதைக் கேட்டு வாங்கியிருக்கிறோமா? தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடாமல் இன்றே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. இவற்றுக்கு விண்ணப்பிக்க வழி தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், உடன் இருந்து செய்து தருகிறோம்.

மூன்றாவது பதில்தான் மிகவும் ஆபத்தானது: "இந்த வருசம் போகட்டும், அடுத்த வருசம் பார்க்கலாம்." பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பையன் கடையில் வேலைக்குப் போகிறான். துணைத்தேர்வு எழுதினால் அதே ஆண்டில் மேலே சேர முடியும் என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை. முதல் சம்பளம் கைக்கு வருகிறது. அடுத்த வருசம் வெளிநாட்டு விசா வருகிறது. புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது. முடிவு ஐந்து மணிக்கு எடுத்து, பதினொரு மணி வரை காத்திருந்த கதைதான் இது. இழப்பு நம் பிள்ளைக்கு.

நபி (ஸல்) அவர்களுக்கு இறைச்செய்தி ஓதும்படியான கட்டளையோடுதான் தொடங்கியது. தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் 'அல்அஸ்ர்' அத்தியாயம் காலத்தின் மீது சத்தியம் செய்தே தொடங்குகிறது. கல்வியும் காலமும் நம் மார்க்கத்தில் எவ்வளவு கனமானவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எனவே உங்களிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. இங்கிருந்து போனதும் உங்கள் வீட்டில், உறவில், தெருவில் படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளையின் பெயரை எழுதி இந்த வாரத்துக்குள் எங்களிடம் கொடுங்கள். துணைத்தேர்வோ, தனித்தேர்வோ, தொழிற்பயிற்சியோ, அந்தப் பிள்ளைக்கு எது ஏற்றது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம். அடுத்த நவம்பர் 11-க்குள் அந்தப் பிள்ளைகளின் கையில் மறுபடியும் புத்தகம் இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொடுப்பதற்கான மன உறுதியையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.