பந்தத்திற்கு எண்ணெய் தோய்க்கும் இடம்

(ஆண்டு விழாவிற்கு முன் சங்கத்தின் கலைக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தலைநகரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், இருமுனையும் தீ எரியச் சிலம்பம் சுழற்ற முன்வந்திருப்பது கண்டு மகிழாதார் யார்? ஆயினும் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். 1997 ஜூன் 13ஆம் நாள் இந்நகரின் உப்ஹார் திரையரங்கில் தீயும் புகையும் 59 உயிர்களைக் கொண்டதை அறிந்தோர் அஞ்சுவது இயல்பே. ஆட்டத்தைக் கைவிட வேண்டுவதில்லை. ஒழுங்கைக் கைக்கொள்ளல் வேண்டும். அவ்வொழுங்கு எண்ணெய் தோய்க்கும் இடத்திலேயே தொடங்குகின்றது.

எரிவது எண்ணெயினின்று எழும் ஆவியே. பெட்ரோல் கடுங்குளிரிலும் தீப்பற்றும் ஆவியை எழுப்புமாதலின், அதனைத் தொடவே கூடாது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரி வெப்பத்தில் அந்நிலையை எய்தும். தில்லிக் கோடையோ 40 டிகிரியைக் கடப்பது. ஆகவே அதனையும் நிழலில் வைத்தல் வேண்டும். அவ்வாவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அப்பால் எரியும் சுடரிலும் பற்றிக்கொள்ளும்.

எனவே, மேடைக்கும் மக்களுக்கும் விலகிய திறந்தவெளியில் கயிறு கட்டி எல்லை வகுத்திடுக. அன்றைய ஆட்டத்திற்கு வேண்டிய எண்ணெயை மட்டும், இறுக மூடும் உலோகக் கலத்தில் வைத்திடுக. தோய்த்த பந்தத்தை நன்கு வடியவிடுக. வடியாத எண்ணெய், சுழற்றுங்கால் தீத்துளியாய் அவையோர்மேல் தெறிக்கும். பற்றவைக்கும் இடம் தொலைவில் வேறாக இருத்தல் வேண்டும். அணைந்தும் சூடு ஆறாத பந்தத்தை மீண்டும் எண்ணெயில் இடுதல் பெருங்கேடு. இவ்விடத்திற்கு ஆட்டத்தில் சேராத ஒருவரே பொறுப்பேற்க வேண்டும். அவர் மறுத்தால் எவரும் எண்ணெய் எடுக்கலாகாது.

ஆடுவோர் பருத்தியாடையே அணிக; நைலான் உருகித் தோலில் ஒட்டும். ஆடையில் எண்ணெய் சிந்தினால் மாற்றிய பின்னரே களம் புகுக. மண்ணெண்ணெயை வாயில் கொண்டு தீ ஊதுதலை அறவே விலக்குக. அது நுரையீரல் புகின் உயிர்க்கே இறுதியாகலாம். எரியும் எண்ணெயில் நீர் ஊற்றினால் தீ பரவும். மணலும், நனைத்த பருத்திக் கம்பளமும், நுரை அணைப்பானும் அருகில் இருத்தல் வேண்டும். சுட்ட இடத்தை 20 நிமிடம் குழாய்நீரில் காட்டி, மருத்துவரை நாடுக; மையோ பற்பசையோ தடவற்க.

தீயணைப்புத் துறையினர்க்கும் காவல் துறையினர்க்கும் முன்னரே அறிவித்து இசைவு பெறுவது சங்கத்தின் கடன். இவ்வளவும் செய்து முடித்த பின், பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து தம் மக்களின் திறம் கண்டு கைதட்டலாம்.