மைந்தர் கதைகள்



கல்கி அவர்களின் ‘பொன்னியின் செல்வன்’ 1954 ஆம் ஆண்டு நிறைவுற்றது. அருள்மொழிவர்மர் தம்மை நாடி வந்த மணிமுடியை உத்தம சோழருக்கு விட்டுக்கொடுப்பதோடு கதை நின்றுவிடுகிறது. பின்னர் நிகழ்ந்தது யாது என்னும் ஏக்கம் வாசகர்க்கு நீங்கவில்லை. விக்கிரமன் அவர்கள் ‘நந்திபுரத்து நாயகி’யில் அக்கதையைத் தொடர்ந்தார். அகிலன் அவர்களோ இராசேந்திரர் காலத்துக்கே சென்று ‘வேங்கையின் மைந்தன்’ படைத்தார். 1963 இல் அதற்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிட்டியது.

பிறர் மூட்டிய தீயில் குளிர்காய்வதோ என்னும் ஐயத்தோடுதான் யான் அந்நூலை எடுத்தேன். ஆனால் அகிலன் மைந்தனுக்கென்றே ஒரு கடனைக் கண்டெடுத்திருக்கிறார். பாண்டியன் ஈழத்தில் அடைக்கலமாக வைத்த மணிமுடியை முதற் பராந்தகர் பெற முயன்றும் இயலவில்லை; இராசராசர் ஈழத்தை வென்றும் அது கிட்டவில்லை. மீட்டவர் இராசேந்திரரே எனக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. ஏறத்தாழ நூறாண்டுக் கடன்!

வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவன் இந்நூலில் முதியவராக வருகிறார். கல்கி அவரை வாணர் குலத்தவர் என்பார். வாணர் நம் சித்தூர்ப் பகுதிகளிலும் ஆண்டவர்கள்; வடமாலபேட்டையில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர்.

என் மகன் தெலுங்கில் கல்வி பயில்பவன். இரவுதோறும் இவ்விரு நூல்களையும் யானே அவனுக்குப் படித்துக் காட்டினேன். முதியவர் நுழைந்ததும், “அவரா, அப்பா?” என்றான். புத்தகத்தை வாங்கி, தமிழை எழுத்துக் கூட்டித் தானே படித்தான். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.