கபடிக்குக் காசு வந்துடுச்சு, கடலூருக்கு வந்துச்சா?

(எபிசோட்டின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் விளையாட்டும் காசும். ஒரே வருஷத்துல நடந்த ரெண்டு சம்பவத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ரெண்டுமே 2022.

முதல் சம்பவம், ஜூலை மாசம். நம்ம கடலூர் மாவட்டம், பண்ருட்டி பக்கத்துல ஒரு கிராமத்துல கபடிப் போட்டி. இருபதுகளின் ஆரம்பத்துல இருந்த ஒரு பையன் பாடிப் போறார். பிடிக்க வந்தவங்களைத் தாண்டிக் குதிக்கிறார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, காப்பாத்த முடியல. அந்த வீடியோ உங்கள்ல பல பேரு ஃபோனுக்கு வந்திருக்கும். அவர் பேரை நான் இங்க சொல்லல. அந்தத் துக்கம் அவங்க குடும்பத்தோடது.

ரெண்டாவது, அக்டோபர் மாசம், பெங்களூரு. புரோ கபடி லீக் ஒன்பதாவது சீசன், தமிழ் தலைவாஸோட முதல் மேட்ச். பவன் செராவத்தை ஏலத்துல 2.26 கோடி கொடுத்து எடுத்திருந்தாங்க. அதுவரைக்கும் லீக்ல யாருக்கும் கிடைக்காத விலை. மேட்ச் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே முழங்கால்ல அடி. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. அந்த சீசன் முழுக்க அவர் திரும்ப ஆடல. ஆனா அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தாங்க. அதே 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்குக் கேப்டனா நின்னு தங்கமும் வாங்கினார்.

ரெண்டும் ஒரே மாதிரி அடி கிடையாதுன்னு தெரியும். பண்ருட்டியில டாக்டர் இருந்திருந்தா அந்தப் பையன் பிழைச்சிருப்பார்னும் நான் சொல்ல வரல. நான் கேக்கிறது வேற. ஒரே ஆட்டம், ஒரே மாதிரி குதி, ஒரே மாதிரி பிடி. ஒரு இடத்துல விழுந்தா ஓடி வர ஒரு மருத்துவக் குழுவே காத்திருக்கு. இன்னொரு இடத்துல யாருடைய பைக்ல ஏத்தறதுன்னு தேடணும். கபடிக்குள்ள வந்த காசும் புகழும் எந்த இடத்தோட நின்னு போச்சு? அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல காசு எப்படி வந்துச்சுன்னு பார்த்துடலாம். புரோ கபடி லீக் 2014 ஜூலையில ஆரம்பிச்சது, எட்டு டீமோட. முதல் ஏலத்துல அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.8 லட்சம். ஒன்பது வருஷத்துல உச்ச விலை இருபது மடங்கு ஆயிடுச்சு. காரணம் ஒண்ணே ஒண்ணுதான், டிவி. முதல் சீசனையே இந்தியாவுல 43 கோடிப் பேர் பார்த்ததா கணக்குச் சொன்னாங்க. கிரிக்கெட்டைத் தவிர வேற எதையும் இந்த நாடு பார்க்காதுன்னு நினைச்ச விளம்பரக் கம்பெனிகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச்சு.

டிவிக்காக ஆட்டமும் மாறிச்சு. ரெண்டு ரெய்டு தொடர்ச்சியா காலியாப் போனா மூணாவது ரெய்டுல புள்ளி எடுத்தே ஆகணும், இல்லேன்னா அவுட். அதான் 'டூ ஆர் டை'. மூணு பேரோ அதுக்கும் குறைவாவோ நின்னு பிடிச்சா ஒரு புள்ளி கூடுதல், அது 'சூப்பர் டேக்கிள்'. நம்ம தாத்தா காலத்துச் சடுகுடுல மூச்சுதான் கடிகாரம். இப்போ திரையோட மூலையில 30 செகண்ட் ஓடுது. இதைக் குறையா சொல்லல. ஆட்டம் வேகமாச்சு, பார்க்கவும் நல்லா இருக்கு.

இந்தக் காசு நிஜமாவே சில வாழ்க்கையை மாத்திச்சு. தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975-ல பிறந்தவர். லீக் வந்தப்போ அவருக்கு 39 வயசு. ஒரு கபடிக்காரர் ஓய்வு பெற்று, ஊர்ப் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்க ஆரம்பிக்கிற வயசு அது. அந்த வயசுலதான் நாடே அவரை 'அண்ணா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சது. 2016-ல பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனா இருந்து கோப்பை தூக்கினார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின மணத்தி கணேசன் ஆடின காலத்துல இந்த வெளிச்சம் எதுவும் இல்ல. அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல 'பைசன்' படம் வந்த பிறகுதான் நம்ம தலைமுறையில நிறைய பேருக்கு அவர் பேரே தெரிஞ்சது.

சரி, இப்போ ஊருக்கு வருவோம். பொங்கல் நெருங்கினா சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் போய்ப் பாருங்க. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி'ன்னு முச்சந்திக்கு முச்சந்தி ஃப்ளெக்ஸ். முதல் பரிசு வழங்குபவர், கோப்பை வழங்குபவர், சாப்பாடு வழங்குபவர்னு வரிசையா ஃபோட்டோ. ஆடப் போறவங்க ஃபோட்டோவைத் தேடித்தான் பார்க்கணும். நுழைவுக் கட்டணம் கட்டிட்டு டீம் இறங்கும். ராத்திரி ஆரம்பிச்சா விடியுற வரைக்கும் நாக்-அவுட். பரிசு 20,000 ரூபாய்னு வச்சுக்குங்க. ஒரு டீம்ல 12 பேர். பிரிச்சா ஆளுக்கு 1,666 ரூபாய். வேன் வாடகை, நுழைவுக் கட்டணம் எல்லாம் இன்னும் கழிக்கல.

அப்புறம் ஏன் ஆடுறாங்க? ஆசைன்னு சொல்லலாம், ஊர்ப் பெருமைன்னு சொல்லலாம். ரெண்டும் உண்மை. அதோட வேலையும் இருக்கு. கபடியில ஏலத்துக்குப் போறவங்க கைவிட்டு எண்ணுற அளவுதான். மீதிப் பேருக்குக் கனவு ஸ்போர்ட்ஸ் கோட்டா. போலீஸ், ரயில்வே, காலேஜ் சீட். மாவட்டம், மாநிலம்னு சர்டிஃபிகேட் சேர்க்கணும். அதுக்குச் செலக்‌ஷன்ல மேட்ல ஆடணும். பழகினதெல்லாம் வெறுங்கால்ல மண்ணுல. மேட்ல ஷூ போட்டு ஆடினா கால் பிடிச்சு நிக்கும், உடம்பு திரும்பும். நடுவுல மாட்டறது முழங்கால்.

லிகமென்ட் கிழிஞ்சா ஆபரேஷன், அதுக்கப்புறம் குறைஞ்சது ஆறு மாசம், பல பேருக்கு அதுக்கும் மேல. நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். எனக்குக் கால் போனாலும் லேப்டாப் முன்னாடி உட்காரலாம், கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருக்கு. அதாவது நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவனுக்குக் காப்பீடு இருக்கு. ஏழு பேருக்கு நடுவுல பாயுறவருக்கு இல்ல.

சரி, மேல காசு குவிஞ்சா தானா கீழ வழியும்னு ஒரு நம்பிக்கை இருக்கே? அதுக்குக் கூடைப்பந்து வரலாற்றுல ஒரு நல்ல பதில் இருக்கு. இன்னைக்கு என்.பி.ஏ-ல ஸ்டீபன் கரி ஒரு சீசனுக்கு 5 கோடி டாலருக்கு மேல வாங்குறார். ஆனா 1960-கள் வரைக்கும் அங்கேயே நிறைய வீரர்கள் சீசன் முடிஞ்சதும் வேற வேலைக்குப் போயித்தான் பிழைச்சாங்க. பென்ஷன் கிடையாது.

1964 ஜனவரி 14, பாஸ்டன். ஆல்-ஸ்டார் மேட்ச், டிவியில நேரடி ஒளிபரப்பு. பில் ரஸ்ஸல், ஜெர்ரி வெஸ்ட், ஆஸ்கர் ராபர்ட்சன், எல்ஜின் பெய்லர்னு அந்தக் காலத்து உச்ச நட்சத்திரங்கள் அத்தனை பேரும் டிரெஸ்ஸிங் ரூம்ல. மேட்ச் நேரம் வந்தும் யாரும் வெளிய வரல. பென்ஷன் தர்றோம்னு லீக் வாக்குக் கொடுத்தாதான் ஆடுவோம்னு உட்கார்ந்துட்டாங்க. கமிஷனர் வந்து வாக்குக் கொடுத்தார். அப்புறம்தான் பந்து மேல போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, கேட்டவங்க யாருன்றது. பெஞ்சுல உட்கார்ந்திருந்த பேரு தெரியாதவர் கேட்டிருந்தா கதவைச் சாத்தியிருப்பாங்க. புகழ் இருந்தவங்க, தங்களோட புகழை எல்லாருக்குமாச் சேர்த்துச் செலவு பண்ணாங்க. காசு தானா கீழ வரல. ஒருத்தர் கேட்டதாலதான் வந்துச்சு.

நம்ம கபடியில அப்படிக் கேக்கிறது கஷ்டம், ஒத்துக்கறேன். ஏலத்துல விலை நிலையா நிக்காது. 2.605 கோடிக்குப் போன அதே பவனை 2025 ஏலத்துல தமிழ் தலைவாஸ் 59.5 லட்சத்துக்கு எடுத்தாங்க. ரெண்டே வருஷம். தன் விலையே நாளைக்கு என்னன்னு தெரியாத ஆளு ஊர்ப் பசங்களுக்காகப் பேசணும்னா தைரியம் வேணும். ஆனா கேட்டா கிடைக்கும்னு நம்பவும் காரணம் இருக்கு. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் வாங்கிட்டு வந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் தமிழ்நாடு அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. ஜெயிச்சு வந்தவங்களைக் கொண்டாட நமக்குத் தெரியுது. விழுந்தவங்களைத் தூக்கத்தான் இன்னும் ஏற்பாடு இல்ல.

லீக் மாறுற வரைக்கும் காத்திருக்கணுமா? வேண்டாம். இந்த எபிசோட் கேக்கிற நிறைய பேரு சென்னையிலயோ பெங்களூருலயோ இருந்துக்கிட்டு ஊர்ப் போட்டிக்கு ஜிபேல பணம் அனுப்புறவங்க. 'இரண்டாம் பரிசு வழங்குபவர்'னு ஃப்ளெக்ஸ்ல உங்க ஃபோட்டோவும் இருக்கலாம். அடுத்த தடவை பணம் கேட்டு ஃபோன் வந்தா மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, களத்துப் பக்கத்துல ஒரு வண்டி தயாரா நிக்குமா? 108 வர்ற வரைக்கும் சி.பி.ஆர் கொடுக்கத் தெரிஞ்ச ஒருத்தராவது இருப்பாரா?

ரெண்டு, இறங்குற எல்லாருக்கும் விபத்துக் காப்பீடு இருக்கா? பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்துக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். 18 வயசு ஆகி பேங்க் அக்கவுன்ட் இருந்தா போதும். விபத்துல உயிர் போனா 2 லட்சம். லிகமென்ட் கிழிஞ்சா இது உதவாதுதான். ஆனா 12 பேருக்கு 240 ரூபாய், ஒரு ஃப்ளெக்ஸ் செலவை விடக் குறைவு.

மூணு, கோப்பையோட உயரத்தை ஒரு அடி குறைச்சு, அந்தக் காசை அடிபட்டவங்களுக்குன்னு தனியா எடுத்து வைப்பீங்களா?

'சரி'ன்னு பதில் வந்தா பணம் அனுப்புங்க. 'அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி'ன்னு வந்தா, அந்த மூணையும் நீங்களே ஏத்துக்குங்க. ஃப்ளெக்ஸ்ல 'முதலுதவி வழங்குபவர்'னு உங்க பேரு வரட்டும். கடலூர் மாவட்டத்துல அப்படி ஒரு ஃப்ளெக்ஸ் பார்த்தீங்கன்னா ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசுறேன்.