லயத்துக் குப்பையும் ஒரு தீக்குச்சியும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் மரம் இலை உதிர்க்கும் காலம் வந்துவிட்டது. காலையில் கூட்டிய லயத்து வாசலில் மாலைக்குள் மறுபடியும் கணுக்கால் அளவு சருகு. அதோடு சமையற்கட்டுக் குப்பை, பிளாஸ்டிக் பை, பிய்ந்த செருப்பு. எல்லாவற்றையும் குவித்து ஒரு தீக்குச்சி கிழித்துப் போடுவது நம் பாட்டன் காலத்து வழக்கம். கொசுவும் ஓடுமென்று நாமும் சொல்லிக்கொண்டோம்.

இன்று அது குற்றம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 29ஏ பிரிவு, திறந்த வெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. 2024இல் திருத்திய பிறகு அபராதம் குறைந்தது 25,000 வெள்ளி. 10 லட்சம் வரை போகலாம். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. எத்தனை மூட்டை ஒட்டுப்பாலை விற்று இதைக் கட்டுவது? சாமி காரியத்துக்கும் பிணத்தைத் தகனம் செய்வதற்கும் விலக்கு உண்டு. சூடம் கொளுத்த யாரும் அஞ்ச வேண்டாம்.

சட்டம் கொடுமை என்று முணுமுணுப்போர் 2005 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கட்டும். கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை பிறந்தது. 100க்கு மேல் போனாலே உடலுக்குக் கேடு. அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது, உண்மைதான். லயத்தில் நாம் மூட்டும் புகையோ நேரே அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போகிறது. காய்ந்த சருகில் தீ படர்ந்து மரத்தைத் தொட்டால் பட்டை வெந்துபோகும். வெந்த பட்டையில் கத்தி வைக்க முடியுமா?

சரி, எரிக்காமல் எங்கே போடுவது? பட்டணத்தில் குப்பை லாரி வாசலுக்கே வருகிறது. லயத்துக்கு? சருகை நாமே பார்த்துக்கொள்ளலாம். நிரைகளுக்கு நடுவே குழி வெட்டிப் போட்டால் மக்கி உரமாகும். பிளாஸ்டிக்கை மண் தின்னாது. அதை அள்ளிப்போக நிர்வாகம்தான் டிராக்டர் அனுப்ப வேண்டும். அதே சட்டத்தின் 29பி பிரிவு, தீ எரிந்த இடத்துக்கு உடையவரையும் பொறுப்பாளியாக்குகிறது. துரைமார் அதைப் படித்திருப்பார்கள். படிக்காவிட்டால் நாம் படித்துக் காட்டுவோம்.

கிராணிமார்களே, கோரிக்கைக் கடிதத்தை நீங்கள் எழுதித் தரவேண்டும். வாரம் இருமுறை குப்பை வண்டி, பத்து வீட்டுக்கு ஒரு மூடிபோட்ட தொட்டி, இவ்வளவுதான். இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் மலாயில் விளக்கிச் சொல்லுங்கள். அவர்களும் இதே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். அடுத்த சம்பள நாளன்று பெரட்டுக் களத்தில் கையெழுத்து வாங்குவோம். எழுதத் தெரியாத முதியவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம். மைப்பெட்டியை நாம் கொண்டுவருகிறோம்.