வாயை மூடச் சொல்லும் ஆட்சியும் கைதட்டச் சொல்லும் ஆட்சியும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நிட்டிங் மெஷினோடு மல்லுக்கட்டுகிற என்ஜினீயருக்கு அரசியல் தலைப்பு எதற்குங்க என்று கேட்பீர்கள். நம்ம ஊர் டீக்கடையில் பிடிக்காத ஆட்சி எல்லாமே சர்வாதிகாரம்தான். லீவு தராத மேனேஜர்கூட ஹிட்லர்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், நிஜமான ஆபத்து வரும்போது அடையாளம் தெரியாது.

எதேச்சாதிகாரம் ஒன்று, முற்றாதிக்கம் வேறொன்று. முதலாவது, "வேலையைப் பாரு, வாயைத் திறக்காதே, ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போ" என்கிற முதலாளி மாதிரி. இரண்டாவது வீட்டுக்கும் கூடவே வரும். பிள்ளை எந்தச் சங்கத்தில் இருக்கிறான், என்னைப் பார்த்து ஏன் சிரிக்கவில்லை என்று கேட்கும். இரண்டுமே கொல்லும்; கொடுமையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

நமக்குத் தெரிந்த உதாரணம் 1975 ஜூன் 25 இரவில் வந்த நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் மிசாவில் கைதானார்கள். சென்னைச் சிறையில் அடிபட்ட எம்.பி. சிட்டிபாபு 1977இல் இறந்தார். கைதானவர்கள் பெயரைப் பத்திரிகையில் போட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள் வந்தது. கலைஞர் என்ன செய்தார்? அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் ஒரு பட்டியல் போட்டார். படித்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது!

இந்தத் தந்திரம் பலித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆட்சி பத்திரிகையின் வாயைக் கட்டியது. ஆனால் எதிர்க்கட்சியின் பத்திரிகை என்று ஒன்று அப்போதும் இருந்தது. வாசகன் மனசும் அவனுடையதாகவே இருந்தது.

ஜெர்மனியைப் பாருங்கள். 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். மே 2இல் தொழிற்சங்க அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஜூலை 14இல் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம். ஆறு மாதம்கூட ஆகவில்லை. சங்கங்களை மூடியதோடு விடவில்லை. தொழிலாளியையும் முதலாளியையும் ஒரே அமைப்பில் அடைத்தார்கள். லீவில் டூர் போவதற்கும் அதிலேயே ஒரு பிரிவு. தெருவில் வணக்கம் சொல்வதும் தலைவர் பெயரில்தான். அங்கே சும்மா இருப்பதே சந்தேகத்துக்கு இடம்.

இங்கே 1977 மார்ச்சில் தேர்தல் நடந்து, இந்திரா காந்தி ரேபரேலியில் தோற்றார். (அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிதான் பெருவாரியாக ஜெயித்தது. நம் ஜனங்கள் கணக்கே தனி.) போட்டியிட எதிர்க்கட்சி மிஞ்சியிருந்ததால்தான் அந்தத் தோல்வி.

அதற்காக, நம்முடையது லேசான வகை என்று ஆறுதல் கொள்ள எனக்கு மனசு வரவில்லை. 1976–77இல் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. வட மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட இத்தனை ஆள் பிடிக்க வேண்டும் என்று கோட்டா. பிடிக்காதவர்களுக்குச் சம்பளம் நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்த வாத்தியாரையும் அந்த ஆட்சி விடவில்லை. அவர் கையாலேயே வேலையை வாங்கியது. முதல் வகை ஆட்சி இரண்டாம் வகையின் வாசற்படியில் கால் வைத்த இடம் அதுதான் என்பது என் கருத்து. வேறுபாடு தெரிந்திருந்தால்தான் அந்தக் காலடி கண்ணில் படும்.

இதையெல்லாம் விசாரித்த ஷா கமிஷன் அறிக்கை பிற்பாடு கிடைப்பதே அரிதாகிவிட்டது. முன்னாள் எம்.பி. இரா. செழியன் தம்மிடமிருந்த பிரதியைக் கொண்டு 2010இல் அதை மறுபடி அச்சிட்டார். ஆங்கிலப் புத்தகம், கனமானதும்கூட. சங்கத்தின் சார்பில் நம் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.