அடிக்கும் கையை அடக்குவது யார்?



ஆடுகளத்தில் ஒருவன் பிறனைக் கைநீட்டி அடித்துவிட்டால், அவனைத் தண்டிக்கும் உரிமை யாருக்கு உரியது? அணியை நடத்துவோருக்கா, சங்கத்துக்கா, சர்க்காருக்கா? இதனை இன்று சற்றே ஆராய்வோம்.

1991ஆம் ஆண்டு ஜனவரியில் ஜாம்ஷெட்பூரில் துலீப் கோப்பை இறுதியாட்டம் நடைபெற்றது. பந்துவீச்சாளர் ரஷீத் பட்டேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ராமன் லாம்பாவின்மேல் பாய்ந்தார். கிரிக்கெட் வாரியம் பட்டேலுக்கு 13 மாதமும், லாம்பாவுக்கு 10 மாதமும் தடை விதித்தது.

2008 ஏப்ரல் 25 அன்று மொகாலியில் ஆட்டம் முடிந்த வேளையில், மும்பை அணிக்கு அன்று தலைமை தாங்கிய ஹர்பஜன் சிங், எதிரணியின் ஸ்ரீசாந்தைக் கன்னத்தில் அறைந்தார். ஆட்ட நடுவராண்மையாளர் பரூக் எஞ்சினியர் விசாரித்து, எஞ்சிய 11 ஆட்டங்களிலும் அவர் ஆடலாகாது என்று தீர்ப்பளித்தார். வாரியமும் தனியே விசாரித்து, ஐந்து ஒருநாள் சர்வதேச ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. இரண்டிடத்திலும் தீர்ப்புக் கூறியது அவருடைய அணி அன்று என்பதை நோக்குக. வெற்றியால் இலாபம் பெறுவோர் தம் வீரன்பால் நடுநிலை பிறழாது நிற்பது அரிது.

நம் ஊருக்கே வருவோம். 2025 ஜூன் மாதம், திண்டுக்கல் அணித் தலைவர் அசுவின் ஆட்டமிழந்த சினத்தில் நடுவருடன் வாதிட்டு, மட்டையால் தம் காலுறையை ஓங்கி அடித்தார். எவரையும் அவர் தீண்டவில்லை. எனினும் ஆட்டக் கூலியில் முப்பது சதவிகிதம் அபராதமாயிற்று. உலகப் புகழ் அவருக்குக் கேடயமாகவில்லை.

களத்துக்கு வெளியேயோ நாட்டின் சட்டமே தலைமை. 1988ஆம் ஆண்டு பாட்டியாலாவில் நவ்ஜோத் சிங் சித்து ஈடுபட்ட சாலைத் தகராறில் முதியவர் ஒருவர் உயிரிழந்தார். சித்து பின்னும் பல்லாண்டு இந்தியாவுக்காக ஆடினார். வழக்கு நீண்டது; உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது 2022 மே மாதத்தில்தான். முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்து வந்த நீதியை அந்தக் குடும்பம் எவ்வாறு ஏற்றிருக்கும்?

இதனைச் சொல்லும் நானும் ஒரு முறை தவறியவனே. தலைமையாசிரியனாயிருந்தபோது, மறுநாள் மாவட்டப் பந்தயம். எங்கள் குழுவின் சிறந்த பையன் தன்னினும் இளையவனை உதடு கிழிய அடித்துவிட்டான். “பந்தயம் முடியட்டும், பிறகு விசாரிப்போம்” என்றேன். கோப்பை வந்தது, விசாரணை வரவில்லை. அடிபட்ட சிறுவன் அதன்பின் என் முகத்தை நிமிர்ந்து நோக்கவேயில்லை. கோப்பையை விரும்பியவனே நீதிபதியாகவும் அமர்ந்தது என் பிழை.

ஆதலின் மூன்றை நினைவிற் கொள்ளுங்கள். தண்டிப்பவர் ஆட்டக்காரனால் பயன் பெறாதவராய் இருத்தல் வேண்டும். தண்டனை காலத்தில் வருதல் வேண்டும். சங்கத்தின் தண்டனை சட்டத்தின் தண்டனைக்கு ஈடாகாது. இவற்றினும் மேலான அதிகாரி ஒருவர் உண்டு: ஓங்கிய கையைத் தானே இறக்கிக்கொள்ளும் மனம். அதனைப் பயில்வதற்கே ஆடுகளம்.