குழந்தை வளர்ப்பவளுக்குக் கூலியா, புண்ணியமா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதோ, புராணத்தைப் பற்றியதோ அல்ல. பிறர் பெற்ற குழந்தைகளைப் பகலெல்லாம் வைத்துக் காப்பாற்றும் பெண்களைப் பற்றியதாகும். ஆனால் இதிலும் ஒரு மூடநம்பிக்கை புகுந்திருக்கிறது. அதாவது, குழந்தை வளர்ப்பது பெண்ணுக்குப் பிறவிக் குணம், அது தொண்டு, ஆதலால் அதற்குச் சம்பளம் கேட்பது கேவலம் என்பதாகும்.

புரோகிதர் நமக்குப் புரியாத மந்திரத்தை அரைமணி நேரம் சொல்லிவிட்டு, தட்சணையை எண்ணி வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். அதை யாரும் கேவலமென்று சொல்லுவதில்லை. இருபது குழந்தைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்து, பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற பெண் கூலி கேட்டால் மாத்திரம், "உனக்கு அன்பு இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

அன்பு இருந்தால் நிலைத்திருப்பாள், காசா அவளை நிறுத்தும் என்பவர்களுக்கு நாம் சாஸ்திரத்தைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1988-இல் ஐந்து நகர்ப் பகுதிகளில் 227 குழந்தைக் காப்பகங்களை ஆராய்ந்து, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சராசரிக் கூலி மணிக்கு 5 டாலர் 35 சென்ட். ஓர் ஆண்டில் 100-க்கு 41 பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஆட்கள் ஓயாமல் மாறிய காப்பகங்களில் குழந்தைகள் பேச்சிலும், பிறரோடு பழகுவதிலும் பின்தங்கியிருந்தார்கள். இன்று பழகிய முகம் நாளை இல்லையென்றால் குழந்தை யாரை நம்பும்?

இதற்கும் ஒருவர் ஆட்சேபணை சொல்லலாம். நல்ல காப்பகம் எல்லாவற்றிலும் நன்றாயிருக்கும். காசினால்தான் ஆட்கள் நின்றார்கள் என்பதற்கு ருசு என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதற்கும் பதில் இருக்கிறது. அதே நாட்டில் வர்ஜீனியா மாகாணத்தில், 2019-இல், காப்பகங்களைக் குலுக்கல் போட்டு இரண்டு பங்காகப் பிரித்தார்கள். நம்மூரில் சாமிக்கு முன் பூக்கட்டிப் பார்ப்பது போன்றதல்ல இது. யாருக்கும் சலுகை காட்டாமல், இரண்டு பங்கையும் ஒரே தன்மையாக வைத்து ஒப்பிடுவதற்காகச் செய்தது. ஒரு பங்கில், 8 மாதம் அதே இடத்தில் நிலைத்து வேலை செய்கிறவர்களுக்கு 1,500 டாலர் வரை கொடுப்பதென்றார்கள். மற்றப் பங்குக்கு அது இல்லை. பணம் இல்லாத காப்பகங்களில் 100-க்கு 30 பேர் போய்விட்டார்கள். பணம் கொடுத்த காப்பகங்களில் 15 பேர்தான் போனார்கள். போகிறவர் தொகை பாதியாயிற்று! அந்த 8 மாதத்தில் அன்பு திடீரென்று ஊறிவிட்டதா? இல்லை. வாடகை கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1975 அக்டோபர் 2-இல் அங்கன்வாடித் திட்டம் ஆரம்பமாயிற்று. குழந்தையை எடை போடுவது, உணவு கொடுப்பது, பாடம் சொல்வது, வீடு வீடாய்ப் போவது, கணக்கு எழுதுவது ஆகிய அத்தனை வேலையும் செய்யும் பெண்ணுக்குச் சம்பளம் என்று சொல்லாமல் 'மதிப்பூதியம்' என்று பெயர் வைத்தார்கள். மத்திய சர்க்கார் வகுத்த தொகை 2018-இல் மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 150 ரூபாய். உதவியாளருக்கு 2,250, அதாவது நாளுக்கு 75. மாகாணங்கள் தங்கள் பங்காக மேலே சேர்த்துக் கொடுக்கின்றன. அதுவும் இடத்துக்கு இடம் வேறு. பெயரில் மதிப்பு இருக்கிறது. ஊதியத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது!

மதிப்பூதியமும் கூலியே, இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிற்று. திட்டம் பிறந்து 46 வருஷம் கழித்து! அதற்குள் எத்தனை பெண்கள் வெறுங்கையோடு வீடு போயிருப்பார்கள்?

தோழர்களே! பெண்கள் வெளியே போய் உழைத்துச் சுதந்திரமாய் வாழவேண்டும் என்று மேடைதோறும் சொல்லுகிறோம். அவர்கள் குழந்தையை வைத்துக்கொள்ளுகிறவளும் ஒரு பெண்தானே? ஒருத்தியின் சுதந்திரம் மற்றொருத்தியின் பட்டினிமேல் நிற்கலாமா? ஆகவே, தாய்மை, தொண்டு, தியாகம் என்று யாராவது புகழ ஆரம்பித்தால், "சரி, மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று உடனே கேளுங்கள். உங்கள் ஊர் அங்கன்வாடியிலிருந்தே கேட்க ஆரம்பியுங்கள்.